தொட்டிக்குள் வந்த முருகைக்கல்

ரீஃப் டாங்க் வீடியோ பார்க்கிற பழக்கம் எங்களில கனபேருக்கு இருக்கு. நித்திரை வராத இரவில ஃபோனைத் திறந்தால், நீல வெளிச்சத்துக்குள்ள ஊதாவும் பச்சையும் செம்மஞ்சளுமாக ஒரு கண்ணாடித்தொட்டி வந்து நிற்கும். வளர்ப்பவர் ஒவ்வொரு முருகைக்கல்லாகக் காட்டிக்கொண்டு போவார். இது லேசானது, இது கொஞ்சம் பழகினவைக்கு, இதைப் புதுசாகத் தொடங்குகிற ஆக்கள் தொடவே கூடாது, கஷ்டமான இனம். அந்தக் 'கஷ்டமான' என்ற சொல்லில்தான் எங்களுக்கு ஒரு இடறல் வந்தது. யாருக்குக் கஷ்டம்? வளர்ப்பவருக்கா, முருகைக்கல்லுக்கா? தேடிக்கொண்டு பின்னால போனால் அந்தக் கதை 1846இல் போய் நிற்குது.

அதுக்கு முதல் ஒண்டு சொல்லிவிடவேணும். எங்கட ஆக்களுக்கு முருகைக்கல் எண்டால் முதலில ஞாபகம் வாறது கட்டடம்தான். நெடுந்தீவில் வேலிக்குப் பதிலாக அடுக்கி வைத்திருக்கிற கல்மதில்கள், யாழ்ப்பாணக் கோட்டையின் சுவர், தெற்குக் கரையோரச் சூளைகளில் எரித்துச் செய்த சுண்ணாம்பு. பெயரிலேயே 'கல்' இருக்கிறதால அது ஒரு விலங்கு என்பது எங்களுக்கு மறந்துபோகுது. கடல் அனிமனிக்கும் ஜெல்லிமீனுக்கும் அது நெருங்கின சொந்தம். பொலிப்பு என்று சொல்லுகிற சின்னச்சின்ன உடல்கள், நடுவில வாய், சுற்றிவர உணர்கொம்புகள், கீழே தாங்களே கட்டிக்கொண்ட சுண்ணாம்பு வீடு. நாங்கள் மதிலில காண்பது அந்த வீட்டை மட்டும்தான்.

1846இன் இலையுதிர் காலத்தில் அனா தைன் என்ற பெண் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் உள்ள டோர்கேயில் தங்கியிருந்தார். கணவர் லண்டன் வெஸ்ற்மின்ஸ்ரர் அபேயில் பெரிய பதவியில் இருந்த மதகுரு. டோர்கேயின் பாறைகளில் அவர் சிறிய கிண்ணம் போன்ற முருகைகளைக் கண்டார். அந்தக் காலத்து வழக்கம், பிடித்ததைக் காயவைத்து அலமாரியில் அடுக்குவது. தைனுக்கு அது போதவில்லை. உயிரோடு லண்டனுக்குக் கொண்டுபோக வேணும். வழியில் குலுங்கி அடிபடாமல் இருக்க, ஊசியும் நூலும் எடுத்து அவற்றை ஒரு பெரிய கடற்பஞ்சில் தைத்தார். வீட்டுச் சாமான்களைத் தவிர வேறு கருவி இல்லாத ஒருவரின் யோசனை அது. எங்களுக்கு அது நல்லாப் பிடிச்சிருக்கு.

லண்டனுக்குக் கடல்நீரை அடிக்கடி கொண்டுவருவது நடக்கிற காரியமாக இருக்கவில்லை. இருந்த தண்ணீரைத்தான் திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேணும். அதுக்கு அவர் கண்டுபிடித்த வழி: திறந்த யன்னலுக்கு முன்னால் நின்று, ஒரு பாத்திரத்தில் இருந்து மற்றதுக்குத் தண்ணீரை ஊற்றி ஊற்றி ஆற்றுவது. எங்கட கடைகளில தேத்தண்ணி இழுத்து ஆத்துறமாதிரித்தான். காற்றில் இருக்கும் ஒட்சிசன் தண்ணீருக்குள் போகும். ஒவ்வொரு தடவையும் அரை மணித்தியாலத்தில் இருந்து முக்கால் மணித்தியாலம் வரை. ஆனால் ஊற்றியது தைன் இல்லை, வீட்டில் வேலைக்கு நின்ற ஒரு இளம் பிள்ளை. களைப்பான வேலைதான், ஆனால் அவளுக்கு அது ஒரு விளையாட்டு மாதிரி இருந்தது என்ற பொருளில் பிறகு தைன் எழுதினார். பெயரைச் சொல்லவில்லை. உலகத்தின் முதல் முருகைத் தொட்டியின் காற்றுப் பம்பு பெயர் இல்லாத ஒரு வேலைக்காரப் பிள்ளையின் இரண்டு கைகள்.

அடுத்த வருடம் தைன் கடற்செடிகளையும் தொட்டிக்குள் சேர்த்தார். செடி ஒட்சிசனைக் கொடுக்க, விலங்கு அதை எடுக்க, தண்ணீர் நீண்டகாலம் கெடாமல் நின்றது. மூன்று வருடம் அந்த முருகைகள் உயிரோடு இருந்தன, பெருகவும் செய்தன. தன் அவதானிப்புகளை அவர் 1859இல் ஒரு ஆய்வுச் சஞ்சிகையில் வெளியிட்டார். அதுக்கிடையில் காரியம் வேறு எங்கேயோ போய்விட்டது. 1845இல் இங்கிலாந்தில் கண்ணாடி மீதான வரி நீக்கப்பட்டிருந்தது. ரயில் பாதைகள் கடற்கரை வரைக்கும் நீண்டன. 1853இல் லண்டன் மிருகக்காட்சிச்சாலை மீன் வீட்டைத் திறந்தது. 1854இல் பிலிப் ஹென்றி கொஸ் 'அக்குவாரியம்' என்ற புத்தகத்தை எழுத, அந்தச் சொல்லே வீட்டுக்கு வீடு போனது. உளியும் சுத்தியலும் கூடையுமாக ஆக்கள் கரைக்கு இறங்கினார்கள். அரை நூற்றாண்டு கழித்து, கொஸ்ஸின் மகன் எட்மண்ட் தகப்பனைப் பற்றி எழுதிய நூலில், அந்தப் பாறைக் குளங்கள் எல்லாம் சூறையாடப்பட்டு வெறுமையாகிப்போனதைத் துக்கத்தோடு பதிவு செய்தார். கடலை ஆசையாகப் பார்க்கச் சொல்லிக் கொடுத்த புத்தகமே கரை வெறுமையாகிறதுக்கும் ஒரு காரணமாகிப் போச்சு. இதை இந்த இடத்தில குறிச்சு வையுங்கோ. இந்தக் கதையில இது திரும்பவும் வரும்.

தைனின் முருகைகள் பிழைத்ததுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. அவை குளிர்கடல் இனம். வெளிச்சத்தை நம்பி வாழுறவை இல்லை. சுத்தமான தண்ணீரும் அவ்வப்போது கொஞ்ச இறைச்சித் துணுக்கும் கிடைத்தால் போதும். வெப்பமண்டலத்தில் பாறையாக வளர்கிற முருகைகள் அப்படி இல்லை. அவற்றின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத அல்காக்கள் குடியிருக்கின்றன. அவை ஒளித்தொகுப்புச் செய்து ஆக்குகிற உணவில் பெரும்பங்கை வீட்டுக்காரருக்குக் கொடுக்கின்றன. வெளிச்சம் இல்லாவிட்டால் அல்கா சோரும், முருகை பட்டினியில் மெலியும்.

இந்த உறவு விளங்குவதுக்கு இன்னொரு நூற்றாண்டு எடுத்தது. 1928இல் மொறிஸ் யோங் தலைமையில் ஒரு பிரித்தானியக் குழு அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பாறைத்தொடருக்குப் போய் ஒரு வருடத்துக்கு மேல் தங்கி வேலை செய்தது. 1930களில் யப்பானியர்கள் பலாவு தீவில் ஒரு ஆய்வு நிலையம் வைத்திருந்தார்கள். அங்கே வேலை செய்த சிரோ கவகுத்தி, முருகைக்குள் இருக்கும் அந்த உயிரியைத் தனியே எடுத்து வளர்த்து, அது சுழன்று நீந்துகிற ஒருவகை நுண்ணுயிர் என்று காட்டினார். யுத்தத்துக்கு நடுவில் 1943இல் அந்த நிலையம் மூடப்பட்டது. பிறகு ஜமேக்காவில் தோமஸ் கொரோவும் நோரா கொரோவும் கதிர்த்தொழிற்பாடு உள்ள கல்சியத்தைப் பயன்படுத்தி அளந்து பார்த்து, வெளிச்சத்தில் முருகை சுண்ணாம்பு கட்டும் வேகம் இருட்டில் இருப்பதைவிடப் பல மடங்கு என்று 1959இல் எழுதினார்கள். வெளிச்சம், கல்சியம், கட்டுகிற வேகம். இந்த மூன்றுக்கும் உள்ள தொடர்பு அப்போதே எழுத்தில் வந்துவிட்டது. ஆனால் ஆய்வுச் சஞ்சிகையில் இருப்பது வீட்டுத் தொட்டிக்காரரின் கையுக்கு வர இன்னும் இருபது வருடமாச்சு.

அந்த இடைவெளியில் வீடுகளில் என்ன நடந்தது? அந்தக் காலத்து உப்புநீர்த் தொட்டிப் படங்களைப் பார்த்தால் தெரியும். வெள்ளைவெளேரென்ற முருகை எலும்புகள், அவற்றுக்கிடையில் வண்ண மீன்கள். பச்சைப் பாசி பிடித்தால் அந்த எலும்பை எடுத்து பிளீச்சில் ஊறவைத்து வெளுத்துத் திரும்ப வைப்பார்கள். செத்துப்போன பாறைதான் அழகான பாறை என்று ஒரு முழுத் தலைமுறை பழகிக்கொண்டது. அந்த மீன்களில் ஒரு பங்கு எங்கட கடலில இருந்து போனது. வீட்டுத் தொட்டிகளுக்காகக் கடல்மீன் பிடித்து ஏற்றுமதி செய்கிற தொழில் 1930களில் சின்ன அளவில் தொடங்கிய இடம் இலங்கைதான். 1950களில் அது மற்ற நாடுகளுக்கும் பரவியது. சுழியோடியும் இயற்கையியலாளருமான றொட்னி ஜொங்க்ளாஸ் போன்றவர்கள் இதில் பெயர் எடுத்தவர்கள். முருகையின் பொலிப்பைக் கடித்துத் தின்பதைத் தவிர வேறொன்றும் தெரியாத வண்ணத்துப்பூச்சி மீன்களும் இப்படி ஏற்றுமதியானவைதான். வெளுத்த எலும்புக்கு நடுவில விட்டால் அதுகள் எதைத் தின்னும்?

வழி காட்டியது ஐரோப்பா இல்லை, யகார்த்தா. 1961இல் லீ சின் எங் என்ற சீன-இந்தோனேசியர் ஒரு அமெரிக்க மீன் சஞ்சிகையில் தன் முறையை எழுதினார். அவர் தொட்டியில் வடிகட்டி இல்லை. கடலில் இருந்து எடுத்த உயிர்ப்பாறை, கடல்நீர், மெல்லிய காற்றுக்குமிழ், பகல் வெளிச்சம். அவ்வளவுதான். அதில் முருகைகள் உயிரோடு நின்றன. உயிர்ப்பாறை என்பது உண்மையில் பாறை மட்டும் இல்லை. அதன் துளைகளுக்குள் கோடிக்கணக்கான பற்றீரியாக்கள் வாழ்கின்றன. மேற்பரப்பில் இருப்பவை மீனின் கழிவை மாற்ற, ஒட்சிசன் எட்டாத உள்ளிடங்களில் இருப்பவை அதை நைதரசன் வாயுவாக வெளியேற்றிவிடும். லீ இந்தப் பற்றீரியாக் கணக்கைப் போட்டுப் பார்த்துச் செய்யவில்லை. கடலில் இருந்ததை அப்படியே வைத்தார்.

அந்தக் கட்டுரையை மேற்கில் ஆக்கள் வாசித்தார்கள், பாராட்டினார்கள், பிறகு பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். அதிர்ஷ்டக்காரன், கடல் பக்கத்தில் இருக்கு, வெயில் இருக்கு, அங்கே எதுவும் பிழைக்கும் எண்ட மாதிரியான ஒரு நினைப்புத்தான் காரணம் எண்டு நாங்கள் நினைக்கிறம். தெற்கில் இருக்கிறவன் செய்தால் அது இயற்கை, வடக்கில் இருக்கிறவன் செய்தால் அது முறை. அதே காலத்தில் நியூ கலிடோனியாவில் றெனே கத்தலா 1956இல் திறந்த நூமேயா அக்குவாரியத்துக்கு ஓடுகிற கடல்நீர் நேரே வந்தது. முருகைகள் அங்கேயும் வளர்ந்தன. ஊதாக் கடந்த கதிரில் சில முருகைகள் தாமே ஒளிர்வதை அவர் காட்டினார். இன்றைக்கு எங்கட ஃபோனில தெரியிற அந்த நீல வெளிச்ச மோகத்தின் மூத்த தகப்பன் அவர்தான்.

இனி பேர்லின். சுவர் நிற்கிற காலத்து மேற்கு பேர்லின், பக்கத்தில கடல் இல்லாத ஊர். அங்கே இருந்த தொட்டிக்காரர்கள் 1970களிலும் 80களிலும் மூன்று நான்கு விஷயங்களை ஒன்றாகச் சேர்த்தார்கள். ஒன்று, லீயின் உயிர்ப்பாறை. இரண்டாவது, கடும் வெளிச்சம் தருகிற மெற்றல் ஹலைட் விளக்கு. மூன்றாவது நுரைப்பிரிப்பான். உயரமான குழாயில் நுண்ணிய குமிழ்களை விட்டால் தண்ணீரில் கரைந்திருக்கும் புரதக் கழிவு குமிழில் ஒட்டி நுரையாக மேலே வரும், அதை ஒரு கோப்பையில் ஏந்தி வெளியே ஊற்றலாம். பனங்கட்டி காய்ச்சேக்க பொங்கிவாற அழுக்கு நுரையை அள்ளி எறியிறமாதிரி. இந்தக் கோப்பைத் தண்ணி மட்டும் நாறும், சொல்லேலாத நாற்றம்.

நாலாவதுதான் எங்களைக் கதிரையில நிமிர்ந்து இருக்க வைத்தது. சுண்ணாம்புத் தண்ணி.

கல் முருகை தன் வீட்டைக் கட்ட ஓயாமல் கல்சியத்தையும் காபனேற்றையும் தண்ணீரில் இருந்து எடுக்கும். கடலில் அது குறையாது, ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறக்குறைய 400 மில்லிகிராம் கல்சியம் எப்போதும் இருக்கும். 200 லீற்றர் தொட்டியில் சில வாரங்களில் குறைந்துவிடும். பீற்றர் வில்கென்ஸ் என்பவர் 1973இல் ஜேர்மன் மொழியில் வெளியிட்ட புத்தகத்தின் வழியாகப் பரவிய தீர்வு, கல்சியம் ஐதரொட்சைட்டுக் கரைசல். நீற்றின சுண்ணாம்பைத் தண்ணீரில் கலந்து அடையவிட்டு, மேலே தெளிந்து நிற்கிற தண்ணீரை மட்டும் எடுப்பது. எங்கட வீடுகளில பெரியாக்கள் சுண்ணாம்புத் தெளிவு எண்டு சொல்லுற அதே சாமான். முட்டிக்குள்ள சுண்ணாம்பு பூசிக் கருப்பணி இறக்கிற ஆக்களுக்கு அதின்ர குணம் நல்லாத் தெரியும்.

ஒரு லீற்றர் தண்ணீரில் ஒன்றரைக் கிராம் அளவுதான் கரையும். அதுவே கடும் காரம், pH 12ஐத் தாண்டும். ஆகவே தொட்டியில் ஆவியாகிப் போகிற தண்ணீருக்கு ஈடாக, இரவு முழுக்கத் துளித்துளியாக விட வேணும். அவசரப்பட்டு ஊற்றினால் எல்லாம் செத்துப்போகும். ஏன் இரவில்? பகலில் அல்கா காபனீரொட்சைட்டை எடுத்துவிடும். இரவில் எல்லோரும் மூச்சு மட்டும் விடுவதால் அது தண்ணீரில் கூடும், காரமும் குறையும். சுண்ணாம்புத் தெளிவு அந்த மிச்சக் காபனீரொட்சைட்டோடு சேர்ந்து முருகைக்கு வேண்டிய இரண்டு பொருளையும் ஒரேயடியாகக் கொடுக்கும். தெளிவைத் திறந்து வைத்தால் மேலே மெல்லிய ஏடு படரும், அது காற்றில் இருந்த காபனீரொட்சைட்டால் திரும்பவும் சுண்ணாம்புக்கல்லாகிப் போனது.

இதை வாசிக்கேக்க எங்களுக்குத் தெற்குக் கரைச் சூளைகள்தான் கண்ணுக்குள்ள நிண்டது. நாங்கள் முருகையை எரித்துச் சுண்ணாம்பு எடுத்தோம், அவர்கள் சுண்ணாம்பைக் கரைத்து முருகை வளர்த்தார்கள். இரண்டும் ஒரே இரசாயனம், எதிர்த்திசையில். 1981இல் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் ஹிக்கடுவைக்கு அருகே முருகைக்கல் தோண்டுவது களவாக நடந்துகொண்டே இருந்தது, வீடு கட்ட ஆக்களுக்குச் சுண்ணாம்பு தேவை, தோண்டிய ஆக்களுக்குச் சோறு தேவை. 2004 சுனாமிக்குப் பிறகு அந்தக் கரையை ஆராய்ந்தவர்கள், பாறை மிஞ்சியிருந்த ஹிக்கடுவையில் அலை தணிந்து வந்ததையும், சில கிலோமீற்றர் தள்ளி, பாறை தோண்டப்பட்ட பெரேலியவில் அது உயர்ந்து உள்ளே வெகுதூரம் போனதையும் எழுதினார்கள். அந்த ரயில் நின்ற இடம்தான் பெரேலிய. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆக்கள் அந்த ஒரு ரயிலோடு போனவை. முருகைக்கல்லைப் பற்றிக் கதைக்கிறது பணக்காரரின்ர பொழுதுபோக்கைப் பற்றிக் கதைக்கிறது மட்டும்தான் எண்டு ஆரும் சொன்னால், இதைச் சொல்லுங்கோ.

பேர்லினுக்குத் திரும்புவம். டீற்றிச் ஸ்ரூபர் என்ற தொட்டிக்காரர் அங்கே ஒரு அக்ரோபோராவை வளர்த்தார். மான்கொம்பு மாதிரிக் கிளைவிடுகிற இந்த இனம்தான் அன்றைக்குக் 'கஷ்டம்' என்ற சொல்லுக்கே அர்த்தம். ஸ்ரூபர் தொட்டியில் அது செத்துப்போகாமல் நின்றது மட்டுமில்லை, வளர்ந்து தொட்டியை அடைத்தது. அவர் கிளையை உடைத்து மற்றவர்களுக்குக் கொடுத்தார். அவர்கள் வளர்த்து, உடைத்து, இன்னும் பேருக்குக் கொடுத்தார்கள். முருங்கைத் தடி வெட்டி நடுகிற மாதிரித்தான். ஒரே விலங்கு, நூறு வீடுகளில். தொட்டிக்காரர் மத்தியில் அவர் பெயராலேயே அதைக் கூப்பிடுகிற வழக்கம் வந்தது. கடலில் இருந்து பிடுங்காமல் பக்கத்து வீட்டில் இருந்து வாங்கலாம் என்பதுக்கு அது ஒரு சாட்சி. எங்களைக் கேட்டால் இந்தக் கதையில் வாற எல்லாக் கருவியையும்விட இந்தக் கைமாற்றம் பெரிசு.

அமெரிக்காவில் விஷயம் தீப்பிடித்தது 1986இல். ஜோர்ஜ் ஸ்மிற் என்ற டச்சுக்காரர் ஒரு சஞ்சிகையில் 'சின்ன ரீஃப்' பற்றித் தொடர் எழுதினார். வெளுத்த எலும்புகளைப் பார்த்துப் பழகின கண்களுக்கு உயிருள்ள தொட்டியின் படங்கள் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவருடைய சொட்டு வடிகட்டி நைத்திரேற்றைக் கூட்டும் என்பதால் பிறகு பேர்லின் முறையே வென்றது, மொனாக்கோவில் ஜோன் ஜொபேரும் வோஷிங்டனில் வோல்ற்றர் ஏடியும் வேறு வழிகளில் முயன்றார்கள், 1994இல் டெல்பீக்கும் ஸ்ப்ரங்கும் எல்லாவற்றையும் ஒரு புத்தகமாக்கினார்கள். இதுகளுக்குள்ள நாங்கள் ஆழமாப் போகேல்லை. எங்கட கேள்வி வேற: இவ்வளவு பேருக்கும் முருகை எங்க இருந்து வந்தது?

பெரும்பாலும் இந்தோனேசியாவில் இருந்து. கொம்பிறசரில் இருந்து குழாய் வழியாகக் காற்றை உறிஞ்சிக்கொண்டு, கையில் உளியோடு கீழே போகிற மீனவர்கள் பிடுங்கினது. பிறகு பிளாஸ்ரிக் பை, ரெஜிபோம் பெட்டி, விமானம். இந்தப் பாதையில் போனவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று கதைப்பம்: கோனியோபோரா.

பூச்சாடி முருகை என்று அதுக்கு ஒரு செல்லப்பெயர். ஒரு உருண்டைக் கல்லில் இருந்து நீளமான பொலிப்புகள் பகலிலேயே வெளியே நீண்டு, ஒவ்வொன்றின் நுனியிலும் 24 உணர்கொம்புகள் விரிந்து, அசைகிற பூங்கொத்து மாதிரி நிற்கும். மலிவு. கடையில் பார்க்கிற ஆருக்கும் ஆசை வரும். வாங்கிக்கொண்டு போனால் ஒரு மாதம் நல்லா இருக்கும், மூன்று மாதம் நல்லா இருக்கும். பிறகு பொலிப்புகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டையாகும். ஒரு பக்கம் விரியாது. ஒரு வருடம் ஆகிறதுக்குள் வெறும் கல். வளர்த்தவர் தன் கையில்தான் ஏதோ பிழை என்று நினைத்து இன்னொன்று வாங்குவார். அதுதான் இந்தக் கதையின் கொடுமை: உடனே செத்திருந்தால் சந்தை நின்றிருக்கும். மெல்லச் செத்ததால் சந்தை ஓடியது. 1990 அளவில் எல்லாக் கல் முருகைகளும் சர்வதேச வர்த்தக உடன்படிக்கையான சைற்றிஸின் இரண்டாவது அட்டவணைக்குள் வந்துவிட்டன. ஆனால் அது தடை இல்லை, அனுமதிப் பத்திரம் மட்டும். 2003இல் ஐ.நா. சுற்றாடல் அமைப்பின் அறிக்கை ஒன்று, கோனியோபோரா தொட்டியில் பிழைப்பது அரிது, ஆனாலும் அதிகமாக விற்பனையாகிறவற்றில் அது ஒன்று என்று சுட்டிக்காட்டியது.

ஏன் செத்தது? பேர்லின் முறை அக்ரோபோராவுக்குச் செய்த முறை. அலை அடிக்கிற, கண்ணாடி போலத் தெளிந்த, சத்துக் குறைந்த தண்ணீர். கோனியோபோராவில் பல இனங்கள் கலங்கல் தண்ணீரில், சேற்றுக்குப் பக்கத்தில், நுண்ணுணவு மிதந்துகொண்டே இருக்கிற இடங்களில் வாழ்பவை. அதைப் பிடித்து நுரைப்பிரிப்பான் கழுவித் துடைத்த தண்ணீரில் வைத்து, கடும் விளக்கைக் கொளுத்தி, 'சுத்தமா வச்சிருக்கிறன்' என்று பெருமைப்பட்டால் அது பட்டினி. நுண்ணிய உணவு கொடுக்கத் தொடங்கின பிறகு, சிறு துண்டுகளாகத் தொட்டியிலேயே பிறந்து பழகினவற்றை வாங்கத் தொடங்கின பிறகு, இன்றைக்குப் பலர் அதை வருடக்கணக்காக வளர்க்கிறார்கள்.

அல்காவே இல்லாத முருகைகளின் கதை இன்னும் கடினம். செம்மஞ்சள் நிறச் சூரிய முருகைக்கு வெளிச்சம் தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு பொலிப்பும் தனித்தனி வாய். குழாய் ஒன்றை எடுத்து ஒவ்வொரு வாயுக்கும் இறால் துணுக்கை ஊட்ட வேணும், கிழமையில் பல நாள். பிள்ளைக்குச் சோறு தீத்துறமாதிரித்தான். அது பரவாயில்லை எண்டு சொல்ல வைக்கிறது டென்ட்ரோநெப்தியா. கண்ணாடிபோன்ற தண்டில் சிவப்பும் இளஞ்சிவப்புமாகப் பூத்து நிற்கிற மென்முருகை. தொட்டிக்காரர் இறால் கொடுத்துப் பார்த்தார்கள், விலங்கு நுண்ணுயிர்கள் கொடுத்துப் பார்த்தார்கள், சில கிழமையில் சுருங்கிப் போனது. 1995இல் கதரீனா ஃபப்ரிசியஸும் சகாக்களும் செங்கடலில் செய்த ஆய்வு அது எதைத் தின்கிறது என்று காட்டியது. மிதக்கிற தாவர நுண்ணுயிர்களை. அதாவது இறைச்சி கொடுத்தவர்கள் ஒரு சைவக்காரருக்குத்தான் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். காரணம் தெரிந்தும் இது இன்றைக்கும் லேசாகவில்லை. நாள் முழுக்க ஓடுகிற நீரோட்டத்தில் நாள் முழுக்க உணவு மிதக்க வேணும், அப்படி விட்டால் சின்னத் தொட்டியின் தண்ணீர் கெட்டுப்போகும். இன்றும் அது கடைகளில் விற்கப்படுகிறது.

2018இல் இந்தோனேசியா முருகை ஏற்றுமதியை முழுவதுமாக நிறுத்தியது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விலை ஏறியது, தொட்டிக்காரர் குறைப்பட்டார்கள். தீவுகளில் கம்பிச்சட்டங்களைக் கடலுக்குள் வைத்து முருகைத் துண்டுகளை வளர்த்து விற்ற ஆக்களுக்கு வருமானம் போனது. கடலில் பிடுங்கினவரும் தோட்டம்போல நட்டு வளர்த்தவரும் ஒரே கதவில் அடைபட்டார்கள். பிறகு வளர்த்தவற்றுக்குத்தான் கதவு முதலில் திறந்தது. எங்கட நாட்டில முருகையை உடைப்பதும் ஏற்றுமதி செய்வதும் சட்டப்படி தடை. மீன் போகலாம்.

தொட்டிக்காரர் தங்களை நியாயப்படுத்த ஒரு வாதம் வைத்திருக்கிறார்கள்: கடலில் முருகை அழியுது, நாங்கள் வீட்டில காப்பாத்துறம். இதை நாங்கள் அப்படியே ஏற்கேல்லை. வீட்டுத் தொட்டியில் இருப்பது பெரும்பாலும் ஒரே விலங்கின் துண்டுகள், எந்தக் கடலில் இருந்து வந்தது என்ற பதிவு இல்லை, அதைக் கடலில் கொண்டுபோய் விடவும் கூடாது. 1998இல் கடல் சூடாகி ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பால் உள்ள பாறைத்தொடரிலும் முருகைகள் வெளுத்துச் செத்தபோது உலகத்தில் இருந்த எந்த வீட்டுத் தொட்டியாலும் ஒன்றும் செய்ய ஏலாமல்தான் இருந்தது. திருகோணமலைப் பக்கம் அந்த முறை பெரும்பாலும் தப்பியது அதன் சொந்த அதிர்ஷ்டத்தில்.

ஆனால் அறிவு வேற, துண்டு வேற. வீடுகளில் செத்துச் செத்துப் படித்த அறிவு வெளியே போனது. லண்டன் ஹோர்னிமன் அருங்காட்சியகத்தில் ஜேமி க்றாக்ஸ் என்பவர் 2012இல் ஒரு வேலையைத் தொடங்கினார். துண்டு உடைத்து வளர்ப்பது வெறும் பிரதி எடுப்பது, முருகைக்குப் புதுப் பிள்ளை பிறக்க வேணும் என்றால் அது முட்டையும் விந்தும் விட வேணும். கடலில் அது வருடத்துக்கு ஒருமுறை, குறிப்பிட்ட மாதத்தில், பூரணைக்குப் பிறகு சில இரவுகளில் மட்டும் நடக்கும். ஆகவே அவர் தொட்டிக்குமேல் ஒரு வருடத்தையே கட்டினார். சிங்கப்பூரில் இருந்தும் அவுஸ்திரேலியாவில் இருந்தும் வந்த அக்ரோபோராக்களுக்கு அந்தந்த இடத்துச் சூரிய உதயம், பருவ வெப்பநிலை, வளர்ந்து தேய்கிற நிலவு, எல்லாம் கணினி இயக்கும் விளக்குகளால். லண்டனில் வைத்தே அவை முட்டையிட்டன. 2017இல் முறை வெளியிடப்பட்டது.

அது தேவைப்பட்ட இடம் புளோரிடா. 2014இல் மயாமிக்கு அருகே தொடங்கிய ஒரு நோய் கல் முருகைகளின் தசையைக் கிழமைக்கணக்கில் உரித்துக்கொண்டு கரை நெடுகப் பரவியது. நோய் எட்டாத இடங்களில் இருந்து ஆயிரக்கணக்கான முருகைகளைக் கழற்றி எடுத்து, நெப்ராஸ்கா, அயோவா போன்ற கடலே காணாத மாநிலங்களின் மிருகக்காட்சிச்சாலைகளுக்கு அனுப்பினார்கள். உயிர்ப்பாறை, நுரைப்பிரிப்பான், கல்சியக் கணக்கு, கடும் விளக்கு. யகார்த்தாவிலும் பேர்லினிலும் சேர்ந்த அதே சாமான்கள்தான் அங்கேயும். தூண் முருகை என்ற இனம் புளோரிடாக் கடலில் இன்று ஏறக்குறைய இல்லை, மிஞ்சியது தொட்டிகளில்.

2019 ஓகஸ்ட் மாதம், தம்பாவுக்கு அருகே புளோரிடா அக்குவாரியத்தின் பசுமைக்கூடத்தில், க்றாக்ஸின் முறைப்படி செயற்கை நிலவு காட்டி வைத்திருந்த தூண் முருகைகள் முட்டையும் விந்தும் விட்டன. அத்திலாந்திக் முருகை ஒன்று தொட்டியில் தூண்டப்பட்டு அப்படிச் செய்தது அதுதான் முதல்முறை. இந்த இனத்தில் ஆண் வேறு, பெண் வேறு. அதனால் இரண்டும் ஒரே இரவில், ஒரே நேரத்துக்கு விட வேணும். இப்போதும் ஒவ்வொரு ஓகஸ்டிலும் பூரணை கழிந்த இரவுகளில் அங்கே வேலை செய்பவர்கள் வெள்ளை விளக்கை அணைத்துவிட்டு, தலையில் சிவப்பு விளக்கைக் கட்டிக்கொண்டு தொட்டி விளிம்பில் காத்திருக்கிறார்கள்.